நீங்கள் பார்க்கத்தான் ஆடுகிறேன்

மன நிம்மதிக்காக ஆடுகிறேன், முதுகு வலிக்கு நல்லது என்று ஆடுகிறேன், யாரும் பார்க்காவிட்டாலும் ஆடுவேன் என்றெல்லாம் என்னோடு ஆட்டம் கற்கிற பெண்கள் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. நாலு பேர் பார்க்க வேண்டும் என்றுதான் நான் ஆடுகிறேன். நாற்பது பேர் என்றால் இன்னும் நன்றாக ஆடுவேன். இதைச் சொல்லும்போது நான் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். இருபது வருடம் உப்பளத்தில் கூலி வேலை பார்த்தவளுக்கு அதற்கெல்லாம் எங்கே நேரம்?

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிற பெண்ணை யாராவது பார்த்திருக்கிறீர்களா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை நிறுத்திப் படம் எடுக்கிறவர்கள்கூட உப்பைத்தான் எடுக்கிறார்கள். சேலைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, அதற்கு மேல் சும்மாடு, அதற்கு மேல் உப்புக் கூடை. கண் மட்டும்தான் வெளியே தெரியும். அந்தக் கண்ணும் உப்பில் பட்டுத் தெறிக்கிற வெயிலில் சுருங்கிப் போயிருக்கும். எது நான், எது பக்கத்துப் பாத்திக்காரி என்று தூரத்திலிருந்து பார்த்தால் என் அண்ணனுக்கே தெரியாது.

அண்ணனைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா போனபோது எனக்கு ஒன்பது வயது, அவருக்குப் பத்தொன்பது. என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தது, கல்யாணம் கட்டிக் கொடுத்தது, இரண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரி வாசலில் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தது எல்லாம் அவர்தான். இப்போது உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் ஒரு பொறுப்பில் இருக்கிறார். ஊரில் எந்த விழா என்றாலும் மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. உலகத்தில் யார் கண் உன்னை மெச்ச வேண்டும் என்று கேட்டால் அவர் கண் என்றுதான் சொல்வேன். வம்பே அங்கேதான்.

ஐப்பசி மழை விழுந்தால் உப்பளம் தண்ணீருக்குள் போய்விடும். மூன்று மாதத்துக்கு வேலை கிடையாது. அந்த மாதங்களில் இடையஞ்சாவடியில் ஒரு தையல் கூடத்துக்குப் போவேன். சில வருடங்களுக்கு முன்பு அங்கே ஒரு வெளிநாட்டு அம்மா சிவப்புத் துணியும் ஒரு பை நிறைய பித்தளைத் தகடுகளும் கொண்டுவந்து கொடுத்தார். எங்கோ குளிர் தேசத்தில் பிறந்து, எகிப்துக்குப் போய் பெல்லி டான்ஸ் கற்று, இங்கே வந்து பல வருடமாகக் கற்றுக்கொடுப்பவர். ஆடும்போது இடுப்பில் கட்டுகிற துணிக்கு அந்தத் தகடுகளைத் தைத்துத் தர வேண்டும்.

நான் என் கைத்திறமையை எல்லாம் காட்டினேன். கல்யாண ரவிக்கைக்கு வேலைப்பாடு செய்கிற மாதிரி, ஒரு தகடுகூடத் தூக்கிக்கொண்டு நிற்கக்கூடாது என்று ஒவ்வொன்றையும் மேலேயும் கீழேயும் இழுத்துத் தைத்தேன். அந்த அம்மா வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு ஓர் ஆட்டு ஆட்டினார். சத்தமே இல்லை. இன்னும் வேகமாக ஆட்டினார். ஊஹூம். சிரிப்பு தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். அது குலுங்க வேண்டிய சாமான் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

கீழ்த்தையலை எல்லாம் பிரித்து முடித்ததும், சரியாகச் சத்தம் வருகிறதா பார்க்க என் இடுப்பிலேயே கட்டிவிட்டார். நான் ஆட்டினேன். கூடத்தில் இருந்த ஏழு பேரும் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். என் முதல் கூட்டம் அந்த ஏழு பேர்தான். அன்றைக்கு எனக்கு ஏதோ ஆகிவிட்டது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், அவர்கள் திரும்பிப் பார்த்ததையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அந்த அம்மாவிடம் வகுப்பு. தோளும் தலையும் அசையக்கூடாது, இடுப்பு மட்டும் சுழல வேண்டும். இதுதான் முதல் பாடம். கூட இருந்த பெண்கள் மொத்தமாக ஆடினார்கள், தலையிலிருந்து கால்வரை. எனக்கோ அது பாடமாகவே தெரியவில்லை. ஓரடி அகல வரப்பில் தலைச்சுமையோடு நடப்பவளுக்குத் தலை அசைந்தால் உப்பு பக்கத்துப் பாத்தியில் கிடக்கும், மேஸ்திரியின் வசவு நம் காதில் கிடக்கும்.

“முன்னாடியே யார் உனக்குச் சொல்லிக் குடுத்தது?” என்று அந்த அம்மா கேட்டார்.

“எங்க மேஸ்திரி” என்றேன்.

வராதது ஒன்றே ஒன்று. என் கண் நிமிரவில்லை. வரப்பில் காலடியைப் பார்த்தே நடந்து பழகிய கண். தரை வழுக்குகிறது, விளக்கு கூசுகிறது என்று என்னென்னவோ சாக்குச் சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். “ஆளுங்களப் பாரு, ஆளுங்களப் பாரு” என்று அந்த அம்மா கத்திக்கொண்டே இருந்தார். கண் நிமிர மூன்று மாதம் ஆயிற்று. நிமிர்ந்த பிறகு அது கீழே போக மறுத்துவிட்டது.

முதல் நிகழ்ச்சி அதே இடையஞ்சாவடியில், ஒரு சின்ன மண்டபத்தில். பாயில் உட்கார்ந்து ஒரு முப்பது பேர். என் வயிறு சினிமாவில் வருகிற வயிறு இல்லை. இரண்டு பிள்ளை பெற்றது, தொங்கியது, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் தழும்பு வேறு. மறைத்துக்கொள்ள ஒரு வலைத்துணி கொடுத்தார்கள். நனைந்த பிறகு முக்காடு எதற்கு? கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். முப்பது ஜோடிக் கண்கள் என்மேல் நின்றன. நான் வலது பக்கம் போனால் வலது பக்கம் வந்தன, நின்றால் நின்றன. இவ்வளவு காலம் இது இல்லாமல் எப்படி இருந்தேன் என்று கோபம்தான் வந்தது.

பிறகு கோட்டக்குப்பத்தில் ஒரு கல்யாண வீட்டில் மருதாணி வைக்கிற சடங்குக்குக் கூப்பிட்டார்கள். முழுக்கப் பெண்கள். கதவைச் சாத்தி, போன்களை எல்லாம் ஒரு கூடையில் போட்டு வாங்கி வைத்துவிட்டார்கள். பாதிப் பேருக்குப் புருஷன் வளைகுடாவில் இருந்ததால் இந்த ஆட்டத்தைப் பற்றி என்னைவிட அவர்களுக்கு அதிகம் தெரிந்திருந்தது. “அக்கா, துபாய்ல எங்க வூட்டுக்காரு பாத்தேன்னு சொன்னது இதானாக்கா? நல்லாப் பாத்துக்கறேன், வரட்டும் அவரு!” என்று ஒருத்தி சொல்ல, வீடே சிரித்தது. ஒரு பெரியம்மா என் கன்னத்தை வழித்து, “மாஷா அல்லா, இன்னொருக்கா ஆடும்மா” என்றார். மூன்று தரம் ஆடினேன். அவர்கள் நிறுத்தியிருக்காவிட்டால் நான் நிறுத்தியிருக்க மாட்டேன்.

இதற்குள் இடையஞ்சாவடியில் யாரோ எடுத்த வீடியோ வாட்ஸப்பில் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அண்ணன் போனோடு வந்தார். உட்காரவில்லை.

“இன்னா பாப்பா இது?”

“டான்ஸுண்ணா.”

“டான்ஸா? திருவிழாவுக்கு ரெக்கார்ட் டான்ஸ் ஆட வர்றவளுங்ககூட இதவிட அதிகமாத் துணி போட்டிருக்காளுங்க.”

“அவங்களும் கூலிக்குத்தாண்ணா வர்றாங்க. நாம உப்பு சுமக்கற மாதிரி.”

“எதிர்ப்பேச்சு பேசாத. ஊர்ல என்ன நிக்க வெச்சு, உன் தங்கச்சியான்னு கேக்குறாங்க.”

“ஆமான்னு சொல்லு.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர், அதிகம் பேச மாட்டார். அன்று சாப்பிடும்போது, “ஆடணும்னா ஆடு. என்ன மட்டும் முன்வரிசையில ஒக்கார வெக்காத, எனக்கு வெக்கமா இருக்கும்” என்றார். எங்கள் குடும்பத்தின் வெட்கம் முழுவதையும் அந்த மனுஷனே வைத்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாசி மாதம் எங்கள் மகளிர் குழுக்களின் ஆண்டு விழா வந்தது. மரக்காணத்தில், கல்யாண மண்டபத்தில். கும்மி, கோலாட்டம், பிள்ளைகளின் சினிமாப் பாட்டு ஆட்டம், நடுவில் நான். பெயர் கொடுக்காதே என்று குழுவில் இரண்டு பேர் சொன்னார்கள். கொடுத்தேன். எங்கெங்கோ போய் ஆடிவிட்டு என் ஊரில் மட்டும் ஆடாமல் இருந்தால் நான் ஏதோ தப்புச் செய்கிற மாதிரி ஆகிவிடும். தவிர, இத்தனை வருடம் என்னோடு உப்பு வாரிய பெண்கள், சட்டைக்குள் இருந்தது யார் என்று ஒரு தரமாவது பார்க்க வேண்டாமா? மேடையில் சிறப்பு விருந்தினர் வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

பாட்டு ஆரம்பித்தது. முதலில் கூச்சல், விசில். பிறகு மெல்ல அடங்கியது. அடங்கிய பிறகு வருகிற அமைதியை நான் தூக்கத்தில்கூட அடையாளம் கண்டுபிடிப்பேன். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். பாதிப் பாட்டில் அண்ணன் எழுந்தார். மேஜைமேல் விருந்தினர்களுக்காக அடுக்கி வைத்திருந்த பொன்னாடையில் ஒன்றை எடுத்துப் பிரித்தபடி என்னை நோக்கி வந்தார். பொன்னாடையைக் கண்டதும் சவுண்டு செட்டுக்காரர் பாட்டை நிறுத்திவிட்டார். எந்த மேடையிலும் அதுதானே வழக்கம்? யாராவது பொன்னாடையோடு வந்தால் பேசுகிறவர் பேச்சை நிறுத்த வேண்டும், கை கூப்பிக் குனிய வேண்டும், போட்டோ எடுப்பார்கள், அதோடு அந்த ஆளின் நேரம் முடிந்தது. வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் மரியாதை தெரியாதவள்.

அண்ணன் அதைத் தோளில் போடவில்லை. முன்பக்கமாகக் கொண்டுவந்து, கழுத்திலிருந்து வயிறு வரை மூடி, இரண்டு முனையையும் பின்னால் இழுத்துவிட்டார். மைக்கில், “நம்ம தங்கச்சிய வாழ்த்தி இந்தப் பொன்னாடை. அடுத்ததா கோலாட்டம்” என்றார். கூட்டம் கை தட்டியது. என் கை தானாகக் கூப்பிக்கொண்டது. குனிந்தும்விட்டேன். குனிந்த இடத்தில் என் காலடி தெரிந்தது.

அப்போது எனக்கு வந்த கோபத்தை இன்றுவரை யாரிடமும் சரியாகச் சொல்ல முடியவில்லை. என்னை அடித்திருந்தால்கூட அழுதுவிட்டு இறங்கியிருப்பேன். மரியாதை செய்கிற மாதிரி செய்து இறக்கப் பார்த்தார். பொன்னாடையை உருவினேன். மூன்றாய் மடித்தேன். இடுப்பில் சுற்றி, பக்கத்தில் முடிச்சுப் போட்டேன். ஜரிகைக் கரை நன்றாகவே இருந்தது.

“பாட்டப் போடுப்பா” என்றேன்.

சவுண்டு செட்டுக்காரர் அண்ணனைப் பார்த்தார். “அவரப் பாக்காத. ஆடறவ நானு” என்றேன். பாட்டு வந்தது. மீதிப் பாட்டு முழுவதும் ஆடினேன், தழும்பு தெரிய, கண் நிமிர்ந்து. கை தட்டியவர்களும் இருந்தார்கள், எழுந்து போனவர்களும் இருந்தார்கள். எங்கள் பாத்திக்காரிகள் போகவில்லை.

மறுநாள் காலை அண்ணன் உப்பளத்துக்கே வந்தார். நான் கூடையை இறக்கி வைத்தேன்.

“பொன்னாடைய இடுப்புல கட்டிக்கினியே, அது எவ்ளோ மரியாதையான பொருளு!”

“மரியாதைக்குப் போட்டிருந்தா தோள்லயே வெச்சிருப்பேண்ணா. நீ மறைக்கத்தான போட்ட?”

அவர் உப்பைப் பார்த்துக்கொண்டே, “இனிமே என் ஊட்டு வாசப்படி மிதிக்காத” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலு மாதம் மிதிக்கவில்லை. அண்ணி மட்டும் திருட்டுத்தனமாகப் போன் பேசுவாள். எனக்கு அண்ணன் வேண்டும். அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் அழுதுகொண்டேதான் சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். ஆட்டத்தை விட்டால் வாசல் திறக்கும் என்று எல்லோரும் எனக்கு நல்ல புத்தி சொன்னார்கள். அந்த வாசலுக்குள் போகப் போகிறவள் நான் இல்லையே, பழையபடி கண் மட்டும் தெரிகிற எவளோ ஒருத்திதானே.

ஆனி மாதம் எங்கள் வகுப்பு நிகழ்ச்சிக்கு அழைப்பிதழ் அச்சடித்தார்கள். ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், வாழைப்பழம் வைத்து, மேலே அழைப்பிதழை வைத்து, புருஷனையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரியே. வாசல்படியை மிதிக்கவில்லை. தெருவிலேயே நின்று தாம்பாளத்தை நீட்டினேன். தாம்பாளத்தோடு வந்தவர்களை வாசலில் நிற்க வைத்தால் அந்த வீட்டுக்கு ஆகாது. எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் வெளியே வந்துவிட்டன. பொன்னாடை மேடைக்கு அவர் வைத்திருந்த சட்டம் என்றால், இது தெருவுக்கு நான் வைத்திருந்த சட்டம்.

“கை வலிக்குதுண்ணா, வாங்கு.”

அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் வந்து வாங்கினார். முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை நிகழ்ச்சிக்கு வந்தும்விட்டார். வெள்ளை வேட்டி சட்டையில், முன்வரிசையில், அண்ணியோடு. என் வீட்டுக்காரர் சொன்னபடி கடைசி வரிசை. நான் ஆடிய ஏழு நிமிடமும் அண்ணன் தலை குனிந்து தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபமே எழுந்து கை தட்டியது. அவர் கை மடியில் இருந்தது.

வேர்வையோடு இறங்கி நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

“எப்படிண்ணா இருந்துச்சு?”

“நான் பாக்கல.”

“சரி. நீ பாக்கற வரைக்கும் வருஷா வருஷம் வெத்தல பாக்கு வெப்பேன்” என்றேன்.