தணலில் காட்டிய கை

மூன்று மாதம் சும்மா வைத்திருந்தால் ஆறிவிடக்கூடிய கையை, கச்சிமுகம்மது ஏன் மறுபடியும் றபான் அடிக்கக் கொடுத்தார்? இதை எழுதுகிறவனுக்கு அன்று பதில் தெரியவில்லை.

கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்தில், றபான் என்ற ஒருமுகத் தோல்மேளத்தைத் தட்டி, பைத் என்ற புகழ்ப்பாடல் ஓதும் வரிசையின் முதல் இடம் பத்தொன்பது வருடமாக அவருடையதாக இருந்தது. கிழக்குக் கரையை அடித்த பெரிய சூறாவளிக்கு அடுத்த வருடம், வலது பெருவிரலடியில் தொடங்கிய நோவு முழங்கை வரை ஏறியது. கடல் காற்றில் றபானின் தோல் தளர்ந்தால் சிரட்டைத் தணலில் காட்டி முறுக்கேற்றுவார்கள். அவர் கையையும் கூடவே காட்டினார். சூட்டில் நோவு மறையும். மறைந்ததும் இன்னும் ஓங்கி அடிப்பார்.

பெரியநீலாவணையில் முறிவு வைத்தியம் செய்த இராசதுரை, பெருவிரலை மடக்கச் சொன்னார். மணிக்கட்டுக்குள் கயிறு உரசுவதுபோல் நறநறத்தது.

“சூடு காட்டினா நோவு கேக்குது, பரியாரியார்.”

“கேக்கும் காக்கா. ஆட்டுத்தோல் செத்த தோல், எவ்வளவும் தாங்கும். உங்கட கை இன்னும் சாகல்ல. மூணு மாசம் றபானத் தொடப்படா.”

எண்ணெய்ச் சீலை சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டார். கொடியேற்றத்துக்கு எட்டு நாள் இருந்தது.

“இந்த முற உங்களுக்குப் பக்கத்துல அடிக்கிற நூஹு முன்னுக்கிருந்து அடிக்கட்டுமே,” என்றாள் மனைவி நாச்சியா.

“அவன் அடிச்சா கொடி பாதியில நிண்டிரும்.”

“நிண்டா நிக்கட்டும். உங்கட கை எனக்கு வேணும்.”

அவர் சிரித்தார். ஆனால் இந்த வருடம் அந்த இடத்தில் நூஹு உட்கார்ந்துவிட்டால், அடுத்த வருடம் அவனை யார் எழுப்புவார்? கொடியேற்றத்தன்று காலையில், கைக்கட்டின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

கொடியேறிய ஒன்பதாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, பைத்தின் நடுவில் கை றபானில் விழுந்தது, சத்தம் வரவில்லை. மடங்கிய பெருவிரல் பிறகு நிமிரவேயில்லை. இப்போது கரண்டியால் சாப்பிடுகிறார். கந்தூரி விருந்துகளில் நாலு பேரோடு ஒரே சஹன் தட்டில் கைவைத்துச் சாப்பிட உட்காருவதை விட்டுவிட்டார்.

போன வருடம் நூஹு வீட்டுக்கு வந்தபோது, பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: “அந்த முற முன்னிடத்த உங்களுக்கெண்டு வெறுமையா விடத்தான் நாங்க கதைச்சி வெச்சிருந்த, காக்கா. நான் பின்னுக்கிருந்துதான் அடிக்க இருந்த.”

“ஏன்டா எனக்கிட்டச் சொல்லல்ல?”

“நோவப் பத்திக் கதைச்சா உங்களுக்குக் கொறச்சலா இரிக்குமெண்டு.”

கச்சிமுகம்மது தேநீர்க் கோப்பையை எடுக்க இடக்கையை நீட்டினார். பிறகு அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டார். தேநீர் ஆறிப்போனது.

றபானோ மேளமோ ஆர்மோனியமோ வாசித்துக் கைநோவோடு இருப்பவர் உங்கள் ஊரிலும் இருப்பார். அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவரோடு வரிசையில் இருப்பவர்களுக்கு முதலில் சொல்லுங்கள்.