எனக்கென்று சொன்ன மேல்தட்டு

மண்ணெண்ணெயில் ஊறிய துருவின் மணம் அந்த வருசம் முழுக்க அப்பாவின் கைகளில் இருந்தது. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து கடல்தாண்டி நாங்கள் எங்கள் ஊரான பள்ளிமுனைக்குத் திரும்பியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வீட்டில் சுவர்கள் மட்டும் நின்றன. சண்டைக்காலம் முழுவதும் ஊரிலேயே இருந்துவிட்ட அம்மாவின் தம்பி, தன் வீட்டு வளவில் நின்ற பழைய வான் வண்டியைக் காட்டி, "வீடு கட்டுமட்டும் இதில இருங்கோ அக்கா" என்றார்.

சண்டைக்கு முன்னர் ஊர் சுற்ற வந்த வெள்ளைக்காரர் விட்டுப்போன வான் அது. உள்ளே படுக்கை, சின்ன அலுமாரி, அடுப்பு வைக்க ஒரு தட்டு எல்லாம் இருந்தன. கூரையைத் தள்ளினால் அது துணிச் சுவரோடு மேலெழும்பி, படுக்க ஒரு மேல்தட்டும் கிடைக்குமாம். ஆனால் உப்புக்காற்றில் எல்லாம் இறுகிப்போய், அப்பா உள்ளே குனிந்தேதான் நின்றார்.

"கூரை எழும்பினால் மேல்தட்டு உனக்குத்தான், பிள்ளை" என்றார் மாமா. முகாமின் ஒற்றை அறையில் எல்லாரோடும் நெருங்கிப் படுத்தே வளர்ந்த எனக்கு அது போதுமாயிருந்தது.

கூரையைத் தூக்கும் இரண்டு இரும்புக் கைகளும் கத்தரிக்கோல்போல மடிபவை. ஒன்று துருவேறி ஒட்டியிருந்தது. மற்றதன் 'ஸ்பிரிங்' முறிந்திருந்தது. அப்பா இரண்டையும் கழற்றி, ஊறவைத்து, தட்டித் தட்டி அசையவைத்தார். ஒருபக்கம் முந்தினால் கூரை கோணிவிடுமென்று, முருங்கனில் ஒரு பட்டறைக்கு இரண்டுதரம் போய் அளவாக ஆணிகள் கடைந்து வந்தார். உக்கிப்போன துணிக்குப் பதிலாக அம்மா, இரவல் வாங்கிய மெசினில் ஊசி முறிய முறியத் தடித்த படங்குத் துணியைத் தைத்தார். என் தலைமாட்டுக்குக் காற்று வரவேண்டுமென்று, நான் அளந்து சொன்ன இடத்தில் நுளம்புவலையில் ஒரு யன்னலும் வைத்தார்.

கூரை எழும்பிய அன்று நான் மேலே ஏறி, அந்த வலைக்குள்ளால் கடலைப் பார்த்தேன். அம்மா கீழே நின்று சிரித்தார்.

மூன்றாம் நாள் ஒரு 'ஜீப்' வந்தது. தலைமன்னார்ப் பக்கம் புதிதாகத் திறந்த உல்லாச விடுதிக்காரர் இறங்கினார். "ரெண்டு கையாலும் ஒரேநேரம் தள்ளவேணும்" என்று அப்பா கூரையைத் தூக்கிக் காட்டினார்; தன் வேலையைப் பெருமையாகக் காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு மாமா எங்கள் பாய்களையும் சட்டிகளையும் வெளியே எடுத்துவைக்கத் தொடங்கினார்.

"மாமா, எனக்கெண்டு சொன்னனீங்கள்தானே?"

"கொப்பாவைக் கேள் பிள்ளை."

அப்பா நிலத்தைப் பார்த்தபடி அம்மாவிடம் சொன்னார்: "வானை விடுதிக்கு வித்தாச்சு. திருத்திக் குடுத்தால் அங்க எனக்கு நிரந்தர வேலை எண்டு சொன்னவை. வேலை தொடங்கேக்கையே கதைச்சதுதான். சொன்னால் நீ தைச்சிருக்கமாட்டாய்."

அம்மா கத்தவில்லை. "நான் தைச்சிருப்பன்" என்றார். "கேட்டிருந்தால் தைச்சிருப்பன்."

ஜீப் வானை இழுத்துப்போனது. மாமாவைவிட அப்பாமீதுதான் எனக்குக் கோபம் ஆறவேயில்லை; மாமா கொடுத்தது வெறும் வாக்கு, அப்பாவோ அந்த யன்னலை நான் அளந்து சொல்லும்போது பக்கத்திலேயே இருந்தவர்.

அந்த வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. அதை வைத்துத்தான் எங்கள் சுவர்களுக்குக் கூரை வந்தது. அதே வீட்டில்தான் இன்றும் இருக்கிறோம். விடுதி மூடிப்போய்ப் பல வருசம், வான் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. அப்பா இப்போதும் வீட்டில் எதையாவது கழற்றித் திருத்துவார். முன்னரெல்லாம் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கதைசொல்லும் அம்மா, அந்தப் பக்கம் போவதில்லை. ஒற்றைக் கையால் ஏணியைப் பிடித்தபடி அப்பா தடுமாறும்போது நானும் எழும்பிப் போனதில்லை.