ஆற்றோர ஸ்டோரை அளந்த அன்று

பேய் பிசாசு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. சொல்லி முடித்ததும் நீங்கள் சிரிப்பீர்கள் என்பதும் தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள். புளத்கொகுபிட்டியப் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள் நான். விடியுமுன் பால் வெட்டப் போகும் அம்மாவோடு டோர்ச் பிடித்துக்கொண்டு மலையெல்லாம் நடந்திருக்கிறேன், ஒரு நாளும் ஒன்றையும் கண்டதில்லை.

போன வருஷம் ஒரு வேலை கிடைத்தது. கித்துல்கலைக்குக் கீழே, களனி ஆற்றை ஒட்டிய ஒரு பழைய கடைவீதியைப் பாதுகாக்க வேண்டிய இடமென்று அறிவித்திருந்தார்கள். அங்குள்ள கட்டடங்களை ஒவ்வொன்றாக அளந்து வரைபடம் போட வந்தவர் நிரோஷா மிஸ். சிங்களப் பெண், என் வயதுதான், தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. டேப்பின் முனையை அவர் பிடிப்பார், உருளையோடு நான் நின்று அளவைப் பார்த்து எழுதுவேன். வீதியிலிருந்த தமிழ் முதலாளிமாரிடம் பேசுவதும் என் பாடு.

கடைசியாக மிஞ்சியது ஆற்றோரத்துப் பெரிய ஸ்டோர். படகு ஓடிய காலத்தில் ரப்பர் ஷீட்டும் தேயிலைப் பெட்டியும் அடுக்கிவைத்த இடமாம். முன்பாதி கல் கட்டு, பின்பாதி ஆற்றுக்கு மேலே தூண் நட்டுப் பலகை அடித்தது. சொந்தக்காரர் அதை இடித்துவிட்டு ஹோட்டல் கட்டத் துடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குள் அளவு போகாவிட்டால் பட்டியலில் சேராது என்று மிஸ் காலையிலிருந்தே நிலைகொள்ளாமல் இருந்தார், எனக்கும் அது தொற்றிக்கொண்டது.

பின்னேரம் மூன்று மணி இருக்கும், மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசினாலே கேட்காது. மிஸ் டேப் முனையோடு உள்ளே இருட்டுக்குள் போனார். "ஹரி" என்று கத்தினார், சரி என்று அர்த்தம். கல் கட்டு முடியும் இடம்வரை முப்பத்தொரு அடி. வாசலில் நின்று குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே டேப் மறுபடி இழுபட்டது.

"இன்னும் இருக்கு, விடு."

விட்டேன். இரண்டு பாஷையும் கலந்தே வளர்ந்தவள், எதில் சொன்னார்கள் என்பது காதில் ஏறவில்லை, அதுதான் உண்மை.

"இன்னும் கொஞ்சம் இங்கிட்டு வா."

டேப் தீர்ந்துபோய்க் கையில் வெறும் உருளைதான் இருந்தது, அதனால் நானே உள்ளே நடந்தேன். நம்பினால் நம்புங்கள், அந்த இழுப்பில் முரட்டுத்தனம் இல்லை, நெரிசலான பஸ்ஸில் தெரிந்தவர்கள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைப்பார்களே, அப்படி இருந்தது.

"மகேஸ்! கொஹெத யன்னே?"

எங்கே போகிறாய் என்று கத்தியது நிரோஷா மிஸ். எனக்குப் பின்னால், வாசலிலிருந்து. ஓடிவந்து என் தோளைப் பிடித்து நிறுத்தினார். முதல் அளவு முடிந்ததுமே கமரா நனையாமல் வைப்பதற்குப் பக்கக் கதவு வழியாக வெளியே போய்விட்டாராம். சொல்லிவிட்டுத்தான் போனாராம், மழையில் எனக்குக் கேட்கவில்லை.

காலடியைப் பார்த்தேன். அடுத்த பலகை இல்லை. கீழே மண் நிறத்தில் ஆறு சுழித்துக்கொண்டு ஓடியது. பின்சுவர் விழுந்துபோய் அங்கே கொடி மூடிய திறப்பு ஒன்றுதான். என் கையிலிருந்த டேப் அந்தக் கொடிகளுக்கு நடுவே வெளியே போய், ஆற்றுக்கு மேலே, தொய்வே இல்லாமல் நேராக நின்றது. அந்த முனையில் மழையைத் தவிர ஒன்றும் இல்லை. மிஸ்ஸும் பார்த்தார், அவர் நகம் என் தோளில் இறங்கியது. பிறகு டேப் தளர்ந்து தண்ணீரில் விழுந்தது.

எதிரே இருந்த புடவைக்கடைக்கு ஓடினோம். உள்ளே கேட்ட குரல் தமிழில் பேசியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதலாளி தமிழர்தான். "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?" என்றார்.

"ஸ்டோருக்குப் பின்னால தமிழ் ஆளுங்க யாராச்சும் இருக்காங்களாண்ணே?"

"பின்னால ஆறுதானேம்மா இருக்கு?"

பின்பாதியை விட்டு, முப்பத்தொரு அடி என்றே எழுதி அனுப்பினோம். ஸ்டோர் பட்டியலில் சேர்ந்தது, இன்றும் நிற்கிறது.

மூன்று மாதம் கழித்து மிஸ் எனக்குப் போன் எடுத்தார். "மகேஸ், ஒரு தமிழ் வசனத்துக்கு அர்த்தம் சொல்" என்று சிங்களத்தில் கேட்டார். "அன்றைக்கு உன் தோளைப் பிடித்தேன் இல்லையா, அப்போது என் காதருகே யாரோ சொன்னார்கள். மறக்காமலிருக்க அன்றைக்கே சிங்கள எழுத்தில் எழுதிவைத்தேன்."

எழுத்துக்கூட்டி மெதுவாக வாசித்தார். "அந்தப் புள்ளையையும் கூட்டிட்டு வா."

எனக்கு அது கேட்டிருக்கவே இல்லை. அவருக்கு மட்டும் கேட்டிருக்கிறது. கூப்பிட்டது அவரை, அந்தப் புள்ளை நான்.

"விளங்கலையே மிஸ்" என்று பொய் சொல்லிவிட்டேன். சரி, பரவாயில்லை என்றார். அந்தக் காகிதத்தை அவர் இன்னும் கிழித்துப்போடவில்லை. வேறு யாராவது தமிழாட்களிடம் காட்டிக் கேட்டுவிட்டாரோ என்று, அவர் நம்பரிலிருந்து போன் வரும்போதெல்லாம் மணி அடித்து ஓயும்வரை எடுக்காமல் விட்டுவிடுகிறேன்.