ஒரே பெயரில் இரண்டு நிரோஷா: கொழும்பு மாநாட்டுக்குப் போய் வந்த மூன்று நாட்கள்

வவுனியாவில் நான்கு பேர் வேலை செய்கிற ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் இரத்தப் பரிசோதனை செய்வது என் வேலை. இரண்டு வருடங்களுக்கு முன் கொப்பியில் எழுதுவதை விட்டுவிட்டு, மாதிரிகளையும் முடிவுகளையும் கணினியில் பதியும் மென்பொருளுக்கு மாறினோம். இந்த மென்பொருள்கள் பற்றிக் கொழும்பில் ஒரு மாநாடு நடக்கிறது, சிறிய ஆய்வுகூடங்களின் அனுபவத்தைப் பத்து நிமிடம் பேச ஆள் தேடுகிறார்கள் என்று அறிந்து விண்ணப்பித்தேன். கிடைக்காது என்ற தைரியத்தில்தான் விண்ணப்பித்தேன். கிடைத்துவிட்டது.

எங்கள் முதலாளியை சேர் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு நல்ல சந்தோஷம். ஆனால் புறப்படுவதற்கு முதல் நாள் மெதுவாகச் சொன்னார்: “பிள்ளை, அந்தப் புஷ்பராணிக் கதையை மட்டும் அங்க சொல்லாதேங்கோ. எங்கட இடத்தைப் பற்றி ஆக்கள் என்ன நினைப்பினம்?”

அந்தக் கதை இதுதான். கொப்பிக் காலத்தில் ஒருநாள் எஸ். புஷ்பராணி என்ற பெயரில் இரண்டு பெண்கள் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருக்கிறதா என்று பார்க்க வந்தார்கள். ரிப்போர்ட்டை நான் மாற்றி எழுதிவிட்டேன். பின்னேரம் கொப்பியை மாதிரிகளோடு ஒப்பிட்டபோதுதான் கண்டுபிடித்தேன். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் ஓடினேன். சீனி கூடின புஷ்பராணி அக்கா, நல்ல ரிப்போர்ட் வந்த சந்தோஷத்தில் தேநீருக்கு மூன்று கரண்டி சீனி போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். மற்றவர் அழுதுகொண்டிருந்தார். ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை. ஆனால் நாங்கள் மென்பொருளுக்கு மாறியதே அந்த ஒரு நாளால்தான். அதைச் சொல்லாமல் பத்து நிமிடம் எதைப் பேசுவது?

வெள்ளிக்கிழமை காலை 5.45 ரயில் 6.10க்குப் புறப்பட்டது. இரண்டாம் வகுப்பு, பதிவு செய்த ஆசனம், நான் கொடுத்தது 1,400 ரூபாய். கிட்டத்தட்ட 250 கிலோமீற்றர். இடதுபக்க ஜன்னலில் காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும், வலதுபக்கம் கேளுங்கள். மதவாச்சி தாண்டும்வரை என் ஆங்கிலப் பேச்சை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். எதிர் ஆசனத்து அம்மா நான் செபம் சொல்கிறேன் என்று நினைத்துக் கதைக்காமலே இருந்தார்.

பகல் 12.20க்குக் கொழும்பு கோட்டை நிலையம். வெளியே வந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் காலி வீதி வழியாக நேரே வெள்ளவத்தை. பயணப் பையோடு ஏறுபவர்கள் முன்பக்கம் ஏறுங்கள், நடுவில் மாட்டினால் அடுத்த ஊரான தெஹிவளையில்தான் இறங்குவீர்கள். கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் ஓர் இரவுக்கு 6,500 ரூபாய்க்கு அறை எடுத்தேன். குளிர்சாதனம் உண்டு. ரயில் சத்தமும் உண்டு. இரவு எட்டரைக்கே படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை 7.15க்கு இரண்டு தோசையும் ஒரு வடையும் சாப்பிட்டுவிட்டு ஓட்டோ பிடித்தேன். மாநாடு காலிமுகத்திடல் பக்கத்து ஹோட்டல் ஒன்றில், ஏழு கிலோமீற்றர்.

“மீட்டர் போடுங்கோ அண்ணை” என்றேன்.

“போட்டாச்சு தங்கச்சி. கல்யாண வீடா?” என்றார், என் சேலையைப் பார்த்து.

“இல்லை அண்ணை, மாநாடு. நான் பேசப் போறன்.”

“அப்ப ட்ராஃபிக்ல நிக்கக்கூடாது” என்று சொல்லி, மெரின் டிரைவில் திருப்பிவிட்டார். கடலைப் பார்த்தபடி இருபது நிமிடம். மனம் கொஞ்சம் லேசானது.

பதிவு மேசையில் பெயரைச் சொன்னேன்: எஸ். நிரோஷா. அங்கிருந்த பெண் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். நான் ஏழரைக்கே உள்ளே போய்விட்டேன் என்று பணிவாக ஆங்கிலத்தில் சொன்னார். இல்லை, இதோ வெளியே நிற்கிறேன் என்றேன். கணினி அப்படிச் சொல்லவில்லை என்றார். வவுனியாவிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, வாசலிலேயே இல்லாத ஆளாகிவிட்டேன்.

ஒருவழியாக ஓர் ஏற்பாட்டாளர் வந்து என்னை உள்ளே கூட்டிப்போனார். தேநீர் மேசையருகே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கழுத்தில் ‘பேச்சாளர், எஸ். நிரோஷா’ என்ற அட்டையுடன், பற்றிஸ் என்ற பொரித்த பலகாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விடயத்தைச் சொன்னதும் அட்டையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார்.

“அப்பாடா! நான் மூண்டு தரம் சொல்லிட்டன், நான் பேச வரல்ல, கேக்கத்தான் வந்தன் எண்டு. ஒருத்தரும் கேக்கல்ல. பதினொன்றரைக்கு என்ன பேசுறது எண்டு மாதாவ மன்றாடிக்கொண்டு நிக்கிறன்!”

அவர் செபஸ்தியான் நிரோஷா. கொட்டாஞ்சேனையில் சொந்தமாக ஆய்வுகூடம் நடத்துகிறார். நான் செல்வரத்தினம் நிரோஷா. பதிவு மென்பொருள் எங்கள் இருவரையும் ஒரே ஆளாகச் சேர்த்துவிட்டது. இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். தேநீர் ஊற்ற வந்தவர் தள்ளி நின்றார். சிரித்து முடித்த பிறகு, நான் என்ன பேசப்போகிறேன் என்று அவர் கேட்டார். புஷ்பராணிக் கதையையும் சேர் சொன்னதையும் சொன்னேன்.

“சொல்லுங்க” என்றார். “நான் முன்னுக்கு இருக்கிறன். பயம் வந்தா என்னப் பாருங்க.”

மேடையில் ஏறியதும் எழுதிவைத்த முதல் பக்கத்தை விட்டுவிட்டேன். “இன்று காலை நான் இந்த மாநாட்டுக்கு வருவதற்கு முன்பே வந்துவிட்டேன்” என்று ஆங்கிலத்தில் தொடங்கி, பதிவு மேசைக் கதையைச் சொன்னேன். மண்டபம் அதிரச் சிரித்தது. ஏற்பாட்டாளரும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். அதே மூச்சில் இரண்டு புஷ்பராணிகளைப் பற்றிச் சொன்னேன். ரிப்போர்ட்டை மாற்றி எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். சிரிப்பு நின்றது. முன்வரிசையைப் பார்த்தேன். செபஸ்தியான் நிரோஷா பாடசாலை ரீச்சர்போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மென்பொருள் வாங்கினால் மட்டும் போதாது, பெயரை நாங்கள் வாசித்து ‘ஓமா’ என்று கேட்காமல், வந்தவர் வாயாலேயே முழுப்பெயரையும் பிறந்த திகதியையும் சொல்லவைத்த பிறகே ஊசியை எடுக்க வேண்டும் என்று முடித்தேன்.

கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தவர் செபஸ்தியான் நிரோஷாதான். “எங்கட இடத்திலயும் ஒருக்கா நடந்தது. இதுவரைக்கும் வெளிய சொன்னதில்ல” என்று, தமிழிலேயே ஒலிவாங்கியில் சொன்னார். பிறகு காலி நகரிலிருந்து வந்த ஒருவர் சிங்களத்தில். பிறகு இன்னொருவர். பத்து நிமிடப் பேச்சு நாற்பது நிமிடமானது. மதிய உணவு பிந்தியதற்கு ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை.

சாப்பாட்டுக்கு முன்பே சேருக்கு ஃபோன் எடுத்தேன். வேறு ஆள் சொல்லி அவர் அறியக்கூடாது. சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்:

“எங்கட இடத்தின்ர பேரைச் சொன்னனீங்களே?”

“ஓம் சேர்.”

“ஆக்கள் என்ன சொன்னவை?”

“தங்கட கதையளைச் சொன்னவை சேர்.”

“அப்பிடியே?” என்றார். பிறகு, “சரி. வடிவாச் சாப்பிடுங்கோ” என்றார். அவர் அப்படிச் சொன்னால் கோபமில்லை என்று அர்த்தம். மூன்று முறை புடிங் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செபஸ்தியான் நிரோஷா என்னைத் தன் இடத்துக்கு அழைத்திருந்தார். வெள்ளவத்தையிலிருந்து 155ஆம் இலக்க பஸ், பத்துக் கிலோமீற்றர்தான். ஞாயிறு என்றபடியால் ஐம்பது நிமிடத்தில் போய்விட்டேன். வேலை நாளில் ஒன்றரை மணித்தியாலம் வையுங்கள். கொட்டாஞ்சேனையில் தேவாலயப் பூசை முடிந்து சனம் வெள்ளை உடுப்போடு வீதியை நிறைத்து நின்றது. துறைமுகப் பக்கமிருந்து உப்புக் காற்று. அவருடைய ஆய்வுகூடம் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில். வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்க வருபவர்கள் பாண் வாசத்தில் எப்படித் தாங்குகிறார்களோ தெரியவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு அந்தோணி அங்கிள், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நிரோஷா ஊசியை எடுக்காமல் என்னை ஒருமுறை பார்த்தார்.

“அங்கிள், முழுப்பேரச் சொல்லுங்க.”

“என்ன பிள்ள விளையாடுறியா? முப்பது வருசமா பக்கத்து வீடு!”

“பரவால்ல, சொல்லுங்க. பிறந்த நாளையும் சொல்லுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். யாரோ பெரிய அதிகாரி வந்திருக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டு, தன் பெயர், ஞானஸ்நானப் பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி எல்லாவற்றையும் உரத்துச் சொன்னார். கீழே பேக்கரியில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். “போதுமா? கல்யாண நாளும் வேணுமா?” என்றார். நிரோஷா சிரித்துச் சிரித்து ஊசியைப் பிடிக்க முடியாமல் போய், கடைசியில் இரத்தம் எடுத்தது நான்தான். பிறகு நிரோஷாவின் வீட்டில் மீன் குழம்பும் பாணும்.

இப்படியான மாநாடுகளுக்கு முதல்முறை போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கோட்டைப் பக்கம் அறை எடுக்காதீர்கள், வெள்ளவத்தையில் பாதி விலைக்குத் தமிழ்ச் சாப்பாட்டோடு கிடைக்கும். ஒரு மணித்தியாலம் முன்னதாகப் போங்கள். முதலெழுத்தோடு நிற்காமல் முழுப்பெயரில் பதியுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, என்னுடையது நன்றாகவே தடுமாறியது. நல்ல ஸ்லைட்களை மண்டபம் மதியத்துக்குள் மறந்துவிடும். நீங்கள் விட்ட பிழையை நேராகச் சொன்னால், தேநீர் மேசையில் ஆட்கள் உங்களைத் தேடி வந்து, குரலைத் தாழ்த்தி, “எங்கட இடத்திலயும்…” என்று தொடங்குவார்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை நில்லுங்கள். தேநீர் ஆறினால் இன்னொன்று வாங்கலாம்.