கொடியில் காயப்போட்ட குளிர் ஜாக்கெட்

போர்ட் பிளேர்ல உட்கார்ந்துக்கிட்டு பனிக்குப் போடற ஜாக்கெட் வாங்கப் போறேன்னு சொன்னா யாரும் சிரிக்கத்தான் செய்வாங்க. டிசம்பர்லயும் ஃபேன் ஓடாம தூக்கம் வராத ஊர் இது. ஆனா நாற்பத்தேழு வயசுல எனக்குப் பனியில நடக்கணும்னு ஒரு ஆசை வந்துச்சு. வந்துச்சுன்னு சொல்றதுகூடப் பொய். சின்ன வயசுலேர்ந்தே உள்ள கிடந்தது, அப்பத்தான் வாய் திறந்து சொன்னேன். நாற்பது தாண்டின பொம்பளைங்களை மட்டும் சேர்த்துக்கிட்டு உத்தரகாண்ட் மலையில ஆறு நாள் நடக்கிற ஒரு குழுவை ஆபீஸ்ல ஒருத்தி போன்ல காட்டினா. அன்னிக்கே பேர் கொடுத்துட்டேன். டாக்டர் முட்டியை அமுக்கிப் பார்த்துட்டு, "போறதுன்னா இந்த வருஷமே போயிடுங்கம்மா, தேய ஆரம்பிச்சிருக்கு"ன்னு சொல்லி, குழு கேட்ட உடம்புத் தகுதிச் சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுல ஒரே ஒரு சிக்கல், மாமனார். பக்கவாதம் வந்து வலது கை கால் விழுந்து மூணு வருஷம் ஆகுது. காலையில துடைச்சு விடணும், வேட்டி மாத்தணும், கஞ்சியை ஸ்பூன்ல ஊட்டணும். எல்லாம் நான்தான். பெத்த பிள்ளை, அதான் என் வீட்டுக்காரர், வாசப்படியில நின்னு "அப்பா, எப்படி இருக்க?"ன்னு கேட்பார். கேட்டதோட கடமை முடிஞ்சுது. குட்வில் எஸ்டேட்ல இருக்கிற என் நாத்தனார், "நீங்க தைரியமாப் போயிட்டு வாங்க அண்ணி, பத்து நாள் நான் வந்து அப்பாவைப் பார்த்துக்கறேன்"னு சொன்னா. அவ வாய்க்குச் சர்க்கரை போடணும்னு நினைச்சேன், மடச்சி.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் ஜாக்கெட்தான் என் படிப்பு. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வச்சுக்கிட்டு போன்ல தேடுவேன். வாத்து இறகு அடைச்சது ஒரு வகை, பஞ்சு மாதிரி செயற்கை இழை அடைச்சது இன்னொரு வகை. இறகுதான் ரொம்பச் சூடுன்னு எல்லாரும் எழுதியிருந்தாங்க. ஆனா ஈரம் பட்டா இறகு கட்டிக்கும், சூடு போயிடும். இந்தத் தீவுல ஈரம் படாத பொருள் எது? கல்யாணப் பட்டுலகூட பூஞ்சை பூக்குது. செயற்கை இழைன்னா நனைஞ்சாலும் கொஞ்சம் சூடு தாங்கும், சீக்கிரம் காயும். எனக்கு அதுதான் சரின்னு முடிவு பண்ணினேன். எடை முந்நூத்தைம்பது கிராம். தலையை மூட ஒரு தொப்பி, உள்ள ஸ்வெட்டர் போட இடம் வேணும்கறதால ஒரு சைஸ் பெருசு. மடிச்சா அதோட பாக்கெட்டுக்குள்ளயே அடங்கிடும். நிறம் கடுகுப் பூ மஞ்சள். நாற்பத்தேழு வருஷத்துல எனக்கு மட்டும்னு இவ்வளவு பார்த்துப் பார்த்து நான் எதையும் வாங்கினதில்லை.

எங்க பின்கோடைப் போட்டா டெலிவரி கிடையாதுன்னு வந்துச்சு. அது புதுசா என்ன. சென்னையில ஒரு சொந்தக்காரங்க விலாசத்துக்கு வரவழைச்சு, மெயின்லேண்ட் போயிட்டு வந்த ஆபீஸ்காரர் பையில போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். வந்ததும் குளிர் தாங்குதான்னு பார்க்க வேண்டாமா? இங்க குளிர் எங்க இருக்கு? கப்பல்ல வர்ற கோழியை வச்சிருக்கிற குளிர்பதனக் கிடங்குல தெரிஞ்சவங்களைப் பிடிச்சு, ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டுப் பத்து நிமிஷம் உள்ள நின்னேன். "கோழிங்களோட குடித்தனம் பண்ணப் போறீங்களா மேடம்?"னு வாட்ச்மேன் ஹிந்தியில கிண்டல் பண்ணினான். மூக்கு மரத்துப்போச்சு, நெஞ்சு கதகதன்னு இருந்துச்சு. ஐயோ, அன்னிக்கு நான் பட்ட சந்தோஷம்! வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் டிவியிலேர்ந்து கண்ணை எடுக்காம "சரி, சரி"ன்னார்.

அடுத்த நாள்தான் அந்தத் தப்பைப் பண்ணினேன். மழை விட்டு வெயில் அடிச்சுது. பெட்டியில வைக்கிற எதையும் நாங்க வெயில்ல காட்டாம வைக்க மாட்டோம், வச்சா ஒரு வாரத்துல பூஞ்சை. கை தன்னாலயே ஜாக்கெட்டை எடுத்துக்கிட்டுப் போய் வாசல் கொடியில போட்டுது.

நாங்க குடியிருக்கிற டாலிகஞ்ச் லைன் வீடுகளோட வழக்கம் தெரிஞ்சவங்க யாராவது அதைப் பண்ணுவாங்களா? இங்க பாதிப் பேர் கவர்மெண்ட் வேலை. எல்.டி.சி.ன்னு லீவுப் பயணச் சலுகை வாங்கிக்கிட்டு சர்க்கார் செலவுல காஷ்மீர், மணாலின்னு போவாங்க. ஆனா குளிர்த் துணியை யாரும் வாங்க மாட்டாங்க. பத்து நாள் போட்டுட்டு வந்து பூஞ்சைக்குக் கொடுக்கவான்னு கேட்பாங்க. லைன்ல மொத்தம் ரெண்டு ஸ்வெட்டர், ஒரு தோல் கோட்டு. யார் வடக்கே போனாலும் அதுங்கதான் போகும். யார் முதல்ல வாங்கினதுன்னு அதுங்களுக்கே மறந்திருக்கும். கண்ணுல பட்ட குளிர்த் துணி கேட்டா கொடுக்க வேண்டிய துணி. இல்லைன்னு சொல்றவ லைன்ல வாழ முடியாது. நானும் அந்தத் தோல் கோட்டை வாங்கி என் மகனை டில்லிக்கு அனுப்பினவதான்.

பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா கொடிக்கிட்ட வந்து தொட்டுப் பார்த்து, "தீதி, கித்னா ஹல்கா ஹை!"ன்னு வியந்தாங்க. இவ்வளவு லேசாங்கிற செய்தி சாயங்காலத்துக்குள்ள குட்வில் எஸ்டேட்டுக்குப் போயிடுச்சு.

நாத்தனார் குடும்பத்துக்கு டிசம்பர் முதல் வாரம் காஷ்மீருக்கு எல்.டி.சி. கிடைச்சிருந்துச்சு. நான் மூணாவது வாரம் கிளம்பணும். ஒரு நாள் நான் ஆபீஸ்லேர்ந்து வந்து அலமாரியைத் திறந்தா ஜாக்கெட் இல்லை. "தங்கச்சி வந்திருந்தா, கொடுத்து விட்டேன். நீ கிளம்புறதுக்கு நாலு நாள் முன்னாடியே வந்துடுவா. கேட்டவளை இல்லைன்னு சொல்லவா?"ன்னார். எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே"ன்னேன். "ஒரு ஜாக்கெட்டுக்கா இவ்வளவு?"ன்னார். அதோட வாயை மூடிக்கிட்டேன். அந்த வழக்கம் எனக்கு இருக்கே.

நாத்தனார் தினமும் படம் அனுப்பினா. பனியில உட்கார்ந்து, பனியை வாரி எறிஞ்சு, குதிரை மேல ஏறி. எல்லாத்துலயும் என் மஞ்சள். "செம சூடு அண்ணி, சூப்பர் செலக்‌ஷன்!"னு ஒரு செய்தி வேற. திரும்ப வேண்டிய நாள் அன்னிக்கு இவருக்குப் போன் வந்துச்சு. வந்தது வந்துட்டோம், அப்படியே அமிர்தசரஸும் ஆக்ராவும் பார்த்துட்டு வர்றோம், டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளியாச்சு, அண்ணிகிட்ட பக்குவமாச் சொல்லிடு. இவ்வளவுதான். என் ஜாக்கெட்டும் போச்சு, மாமனாரைப் பார்த்துக்க வர்ற ஆளும் போச்சு. அன்னிக்கு நான் அவளைத் திட்டின திட்டு இருக்கே, அதை எழுதினா இந்தக் காகிதம் நாறும்.

இவருக்கு லீவு இல்லையான்னு நீங்க கேட்பீங்க. இருந்துச்சு. கூட்டாளிங்களோட மீன் பிடிக்க பாராடாங் தீவுப் பக்கம் போறதுக்கு வருஷா வருஷம் கிடைக்கிற லீவுதானே.

கேட்டுப் பார்க்கறேன்னு இவர்கிட்ட சொல்லிட்டு, மறுநாள் மதியம் ஆபீஸ் மாடிப்படியில நின்னு குழுவுக்குப் போன் பண்ணினேன். எடுத்த பொண்ணு தங்கமான பொண்ணு. "ஜாக்கெட் இல்லைன்னா கவலையே படாதீங்க, கீழ கேம்ப்லயே வாடகைக்குக் கொடுக்கறோம். நீங்க வந்து சேர்ந்தா போதும்"னா. தேங்க்ஸ் சொல்லி வச்சுட்டேன். படி இறங்கும்போதே மனசு ஒரு கணக்குப் போட்டுடுச்சு.

வீட்டுக்கு வந்தேன். இவர் டீ குடிச்சுக்கிட்டிருந்தார். "என்ன சொன்னாங்க?"ன்னார்.

"சொந்த ஜாக்கெட் இல்லாம சேர்த்துக்க மாட்டாங்களாம்"னேன்.

பச்சைப் பொய். செருப்பைக்கூடக் கழட்டாம கதவுகிட்ட நின்னுக்கிட்டுச் சொன்னேன். "அதெப்படி, நம்பரைக் கொடு, நான் பேசறேன்"னு சொல்லுவார்னு நினைச்சேன். "டில்லியில இறங்கி ஒண்ணு வாங்கிக்க, அப்பாவை நான் பார்த்துக்கறேன், நீ கிளம்பு"ன்னு சொல்லுவார்னு நினைச்சேன். அதுல பாதி சொல்லியிருந்தாலும் போதும், வாடகை விஷயத்தை அங்கேயே போட்டு உடைச்சிருப்பேன். இருபத்து மூணு வருஷம் குடித்தனம் பண்ணினதுக்கு இதைக்கூடவா ஒருத்தி எதிர்பார்க்கக் கூடாது?

"அப்படியா? சரி, விடு. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"னார்.

சொல்லிட்டு ஒரு மூச்சு விட்டார். மூட்டையை இறக்கி வச்ச ஆள் விடுவானே, அப்படி. அவருக்கே தெரியாம வந்த மூச்சு அது. மிச்ச டீயை நிம்மதியாக் குடிச்சு முடிச்சார்.

நான் உள்ள போய் மாமனாருக்குக் கஞ்சியைச் சுட வச்சேன். டிக்கெட்டை மறுநாள் நானே ரத்து பண்ணினேன். அடுத்த வருஷம் டாக்டர் கையெழுத்துப் போடலை.

ஜாக்கெட் இல்லாததாலதான் நான் போகலைன்னு லைன் முழுக்க இன்னிக்கும் நம்புது. நாத்தனார் என் முகத்தைப் பார்த்துப் பேசறதில்லை, பாவம் பண்ணினவ மாதிரி வீட்டு ஓரமா வந்துட்டுப் போறா. நானும் அவளை விடறதில்லை, வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் குத்திக்காட்டறேன். அவளைத் திட்டறது எனக்குச் சுலபமா இருக்கு. அவ எடுத்தது என் ஜாக்கெட், சொல்ல ஒரு பொருள் இருக்கு. இவர் விட்ட அந்த மூச்சை என்னன்னு சொல்லித் திட்டறது?