எறங்கு மாமாவின் வேன்

வேனின் பிரேக் குழாயில் காற்றுப் புகுந்திருந்தது. அதை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும். மகள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள். அப்பா சக்கரத்தருகே குத்தவைத்து, பாட்டிலுக்குள் விட்டிருந்த குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிதி... பிடிச்சுக்கோ... ம், விடு.”

“குமிழி நின்னு போச்சேப்பா.”

“உனக்கு நின்னுடுச்சு. எனக்கு நிக்கல. இன்னொரு தடவை மிதி.”

அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அன்று மதியம் அவர் இறந்துபோனார்.

சந்தையிலிருந்து ஊரின் விளிம்பிலுள்ள கடைசி நிறுத்தம்வரை ஆள் ஏற்றும் வேன் அவருடையது. மீசை நரைக்கும்வரை ஒரே சாலை. அந்தச் சாலையின் நடுவில்தான், தூண்கள் எழுப்பி, மேம்பாலமாக மெட்ரோ ரயில் பாதையை நீட்டித்தார்கள். தடுப்புகளில் பலகை வைத்திருந்தார்கள்: வேலை எத்தனை சதவீதம் முடிந்தது, ரயில் ஓடும்போது கட்டணம் என்ன என்று. கட்டணம் வேனைவிடக் குறைவு. பயணிகள் சும்மா இருப்பார்களா?

“ரயில் வந்துட்டா வண்டியில ஈதான் ஓட்டணும் மாமா.”

“தாராளமா ரயில்ல போங்க. மேல போறவங்க தலையில மேலேருந்து ஒண்ணும் விழாதுல்ல.”

எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். பிழைப்பு போய்விடும் என்ற பயம் இருந்தது. ஆனால் அது இரண்டாவது பயம். முதல் பயம் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

முன்பு ஒருநாள், மேலே யாரோ நழுவவிட்ட ஸ்பானர் வேன் கூரையைக் குழித்துவிட்டது. அதற்கு நேர்கீழே பள்ளிக்கூடப் பிள்ளையொன்று தூங்கிக்கொண்டிருந்தது. அது புரண்டுகூடப் படுக்கவில்லை. அவருக்குத்தான் அன்றோடு தூக்கம் போயிற்று.

பாலத்தின் கான்கிரீட் துண்டுகளை ஒரு ராட்சத இரும்புத் தாங்கியில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். உள்ளே இரும்பு வடம் கோத்து எல்லாவற்றையும் ஒன்றாக இறுக்கும்வரை அவை தொங்கத்தான் வேண்டும். கீழே ஒற்றை வரிசையில் வண்டிகள் போகும். அந்த இடம் வந்ததும் அவர் வேனை நிறுத்திவிடுவார்.

“எறங்குங்க. கடை ஓரமா நடந்து அந்தப் பக்கம் வந்து ஏறிக்குங்க.”

ஆட்களை இறக்கிவிட்டு, காலி வேனை அவர் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டிப்போவார். ‘எறங்கு மாமா’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். பாதிப் பேர் வேறு வேன்களுக்கு மாறினார்கள். மீதிப் பேர் பேரம் பேசினார்கள்: “நடந்த தூரத்துக்குக் காசைக் கழிச்சுக்குங்க மாமா!” கழித்துக்கொண்டார்.

மகள் அதே மெட்ரோ பாதையில் இரும்பு இணைப்புகளைச் சோதிக்கும் பொறியாளர். கணக்குப் போட்டுக் காட்டினாள்.

“தொங்குற எடையைப் போல ரெண்டு மடங்கு தாங்கும்ப்பா.”

“அது தாங்கும்மா. நான் தாங்கணுமே.”

பிரேக்கைச் சரிசெய்த அன்று, ஆஸ்பத்திரி நிறுத்தத்தில், காலில் மாவுக்கட்டோடு ஒரு தையல்கடைக்காரம்மா ஏறினார். வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விடுவதாக மாமாதான் சொல்லி ஏற்றிக்கொண்டார். வழக்கமான இடம் வந்தது. மற்றவர்கள் முணுமுணுத்தபடி இறங்கினார்கள்.

“நான் எப்படி எறங்குறது மாமா? தூக்கிட்டுப் போறீங்களா?”

“தூக்கிட்டுப் போனா ரெண்டு மாவுக்கட்டு போடணும்,” என்றார் இறங்கியவர்களில் ஒருவர்.

மாமா மேலே பார்த்தார். பின்னால் ஹாரன் அலறியது. வேறு வழியில்லை. அந்தம்மாவோடு வேனைக் கிளப்பினார்.

சரியாகத் துண்டுகளுக்குக் கீழே போனபோது கொடிக்காரர் சிவப்பைக் காட்டினார். முன்னால் லாரியொன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. பின்னாலும் வண்டிகள் அடைத்துக்கொண்டன.

மேலே இரும்பு முனகியது. கண்ணாடியில் சிமென்ட் தூள் பொலபொலவென்று உதிர்ந்தது.  அவர் பிரேக்கை இன்னும் அழுத்தி மிதித்தார். கதவைத் திறந்தால் நான்கே எட்டில் கடை ஓரம். கை கதவுப் பிடிக்குப் போயும்விட்டது.

“மாமா, என்ன இது சத்தம்?” அந்தம்மா எட்டிப் பார்த்தார். “என்னை விட்டுட்டுப் போயிட மாட்டீங்களே?”

கையை எடுத்துக்கொண்டார்.

“எங்கம்மா போறது? பேசிக்கிட்டே இரு. ஏதாவது பேசு.”

அந்தம்மா பேசினார். கால் வழுக்கிய கதை, மருமகள் திட்டிய கதை. அவர் ‘ம்’ போட்டுக்கொண்டே இருந்தார். லாரி விலகியபோது அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வேனை மெல்ல நகர்த்தி, நிழல் முடிந்ததும் ஓரங்கட்டினார். கைபிரேக்கை இழுத்தார். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார்.

நடந்து வந்தவர்கள் கதவைத் தட்டினார்கள்.

“ஏறலாமா மாமா?”

இதயம் நின்றுவிட்டதாக மருத்துவர் எழுதிக்கொடுத்தார். மேலே தொங்கியவற்றில் ஒன்றும் விழவில்லை. மகளின் கணக்கு சரி.

தையல்கடைக்காரம்மாவின் வீட்டுக்கு இன்னும் இரண்டு தெரு இருந்தது. அவரை வேறொரு வேனில் தூக்கி உட்காரவைத்தார்கள். அது நிறுத்தத்தோடு சரி, வாசல்வரை போகவில்லை.