காலர் உள்பக்கம் ஒரு சிவப்புப் பொட்டு

சலவைச் சோடா போட்டு வேகவைத்த துணியின் வாசனை... அதோடு சர்க்கரைப் பாகு கருகின வாசனையும் சேர்ந்து வந்தால், இப்பவும் என் பின்கழுத்தில் ஒரு சில்லிப்பு ஏறும்.

எனக்கு அப்போ எட்டு வயசு. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலை, அப்பா அங்கே ஸ்டோர் கீப்பர். இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள். ரோடெல்லாம் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். சேலம் பஸ் இல்லை, வெள்ளிமலை பஸ் இல்லை, ஸ்கூலும் இல்லை. மாட்டு வண்டிக் கரும்பு மட்டும் வயல் வழியாக வந்துகொண்டிருந்தது. பகல் முழுக்க நான் அப்பாவின் ஸ்டோரில்தான் கிடப்பேன்.

ஸ்டோர் பின்சுவரில் பன்னிரண்டு ஆணி. பன்னிரண்டு கோட்டு.

பாய்லர் வாயில் கரும்புச் சக்கை தள்ளுகிறவர்களுக்காக மெட்ராஸிலிருந்து வந்தவை. தீப்பிடிக்காத மருந்து ஏற்றிய, வெளிர் நிறக் கெட்டித் துணி. யாரும் போடமாட்டார்கள். லுங்கி, பனியனோடுதான் தீ முன்னால் நிற்பார்கள். கோட்டுகள் மட்டும் தலையில்லாத பன்னிரண்டு பேர் மாதிரி சுவரோரம் நிற்கும்...

ஏழுமலை மாமா ஒருத்தர்தான் போட்டுப் பார்த்தார். புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் போடக்கூடாதே என்று வீட்டுக்குக் கொண்டுபோய், மனைவி அஞ்சலை அக்கா கையால் மஞ்சள் வைத்து வாங்கி வந்தார். பத்து நாள் போட்டார். அப்புறம் அவரும் ஆணியில் மாட்டிவிட்டார்.

அந்த வாரமே பாய்லர் வாயிலிருந்து தீ திரும்பி அடித்தது.

கோட்டு ஆணியில் இருந்தது. அவர் இல்லை.

இனிமேல் கோட்டு இல்லாமல் யாரும் நிற்கக்கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. செத்தவர் துணியை யார் தொடுவார்கள்? புதுசு வரவழைக்க லாரி வராது. அப்பா ஒரு யோசனை செய்தார். பன்னிரண்டையும் சோடாவில் வேகவைத்து வெளுத்து, கலந்து மாட்டிவிட்டார். எது யாருடையது என்று அவருக்கே தெரியாது.

அங்கேதான் தப்பு நடந்தது. எது செத்தவருடையது என்று தெரியாததால், பன்னிரண்டுமே அவருடையதாகிவிட்டது.

ஏழுமலை மாமாவின் இடத்துக்கு வந்தவர் அவர் தம்பி காசி. அப்பா வற்புறுத்தியதில் ஒரு கோட்டை எடுத்தார். காலரைத் திருப்பியவர் அப்படியே கீழே போட்டார். உள்பக்கம், விரல் நுனி அளவுக்கு, சிவப்பாக ஒரு பொட்டு.

காசி மாமா குரலை உயர்த்தவில்லை. "ஆணில தொங்குன கோட்டு சார் இது. இதுல எப்டி ரத்தம் வந்துது?"

அப்பா குனிந்து கோட்டை எடுத்தார். அதைத் திரும்ப மாட்டினார். எல்லாரும் போனபிறகு நான் பார்த்தேன்... காத்து இல்லை. பதினொன்று சும்மா இருக்க, அது மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மாட்டின வேகத்தில் ஆடியிருக்கலாம். ரொம்ப நேரம் ஆடியது.

ரெண்டு நாள் காசி மாமா வெறும் பனியனோடு பாய்லர் வாயில் நின்றார். சேதி தெரிந்து மூன்றாம் நாள் மத்தியானம் அஞ்சலை அக்கா வந்தார். புருஷன் போய் ஒரு மாசம்கூட ஆகவில்லை. அவர் நடந்து வர, ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். நேராக அந்தக் கோட்டை எடுத்து, காலரைத் தடவிப் பார்த்தார்.

"இது நான் வச்ச மஞ்சா."

மஞ்சள் எங்கே சிவக்கும் என்று யாரோ முணுமுணுத்தார்கள். என் அம்மா குவார்ட்டர்ஸிலிருந்து மஞ்சள் தடவிய ஈரத்துணியைக் கொண்டுவந்து, ஒரு சிட்டிகை சோடா போட்டார். எங்கள் கண்ணெதிரே அது சிவந்தது. எல்லாருக்கும் மூச்சு வந்தது. இத்தனை நாள் கொழம்புத் தூளுக்கா பயந்துக்கினு இருந்தோம் என்று ஒருவர் சிரித்தார்.

அஞ்சலை அக்கா சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "கைய தூக்குனா கம்முக்கட்டு புடிக்குதுன்னுதான் சார் அவரு கழட்டுனாரு. இன்னா துணின்னு பாத்து வாங்குனீங்க. எவன் போடப் போறான்னு பாத்தீங்களா?"

அன்றைக்கே அம்மா மெஷின் முன் உட்கார்ந்தார். கோட்டின் அடிப்பக்கத்தை வெட்டி, அந்தத் துண்டை அக்குளில் கொடுத்துத் தைத்தார். காசி மாமாவைக் கையைத் தூக்கச் சொல்லி, குந்தச் சொல்லி, சக்கை தள்ளுவது மாதிரி செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். அண்ணன் கோட்டைத் தம்பிக்கு அஞ்சலை அக்காவே மாட்டிவிட்டார்.

"போட்டுக்கினு போ. உன்னையும் குடுத்துட்டு நிக்க எனக்குத் தெம்பு இல்ல."

மற்ற பதினொன்றையும் அம்மா அதேபோல் தைத்துத் தர, அந்த ஆணிகளும் காலியாயின.

இப்போ நான் வேறு ஊரில் ஒரு ஃபேக்டரியில் சேஃப்டி செக்‌ஷனில் இருக்கிறேன். கோட்டு வாங்குவதும் என் வேலை. சாம்பிள் வந்ததும் ஆட்களைப் போடச் சொல்லி, கையைத் தூக்கு, குந்து என்பேன். மேடம் டிரில் எடுக்கிறாங்க என்று கேலி பேசுவார்கள். ஆனால் போட்டுக்கொள்கிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சப்ளையர் சொன்னார். மருந்து ஏற்றிய அந்தக் காலத்துத் துணியைச் சோடாவில் வேகவைத்தால் மருந்து போய்விடும், அப்புறம் அது சாதாரணத் துணிதான்.

அந்த வார லீவில் வீட்டுக்குப் போனேன்.

அம்மாவின் மெஷின் டிராயரில் அந்தக் கோட்டின் மிச்சத் துண்டு ஒன்று இருந்தது. தீக்குச்சியைக் காட்டினேன். முழுசாக எரிந்து முடிந்தது.

போன பொங்கலுக்கு சின்னசேலத்தில் காசி மாமாவைப் பார்த்தேன். ரிட்டயர் ஆகி வருஷக்கணக்காகிறது. அவரே பேச்செடுத்தார். அந்த சீசன்லயே இன்னொரு வாட்டி தீ திரும்பி அடித்ததாம். கோட்டில் ஒரு பொசுக்கல்கூட இல்லையாம்.

துணி நல்ல துணியா மாமா என்று கேட்டேன்.

"துணி இன்னா துணி... தீ வர்றதுக்கு முன்னாடியே காலரப் புடிச்சு யாரோ பின்னால இஸ்த்தாங்கம்மா. திரும்பிப் பாத்தா ஒருத்தரும் இல்ல."

சோடா விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை.

இப்போ எங்கள் கோட்டுகளுக்கு டெஸ்ட் ரிப்போர்ட் வருகிறது, லேபிள் வருகிறது. எல்லாவற்றையும் படித்துத்தான் கையெழுத்துப் போடுகிறேன். போட்டபிறகும், ஆளிடம் கொடுக்குமுன், ஒவ்வொரு காலரின் உள்பக்கத்தையும் என் விரல் ஒருமுறை தடவிப் பார்த்துவிடுகிறது...